குங்கிலியம் வைத்து அடைத்த கார்

கிளாடிஸ் டீச்சருக்குக் கோபம் வந்தால் பேசமாட்டாள். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தால் சாக்பீஸ் ஒடியும், அடுப்படியில் நின்றால் பாத்திரம் கொஞ்சம் சத்தமாக இறங்கும், அவ்வளவுதான். திரேஸ்புரம் பள்ளிக்கூடத்து மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்த சாக்பீஸ் சத்தமே போதும், கப்சிப் என்று ஆகிவிடும். வெளியிலிருந்து பார்க்கிறவர்கள், "சாந்தமான மனுஷி, மாதா மாதிரி" என்பார்கள். சாந்தமாவது ஒண்ணாவது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த மனுஷி உள்ளுக்குள் கொதித்துக்கொண்டுதான் இருந்தாள். அது தெரிந்திருக்க வேண்டிய ஒரே ஆளுக்குக் காரைத் தவிர வேறு எது கொதித்தாலும் கண்ணில் படாது.

அந்த ஆள் அவள் புருஷன் பர்னபாஸ். துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்குகிற இடத்தில் மூட்டை எண்ணும் கிளார்க். அவன் அப்பா தோணி கட்டுகிற ஓடாவி. கொழும்புக்குப் போகிற தோணிகளில் பலகைக்கும் பலகைக்கும் நடுவே பஞ்சுத்திரியைத் திணித்து, மேலே குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சி ஊற்றி அடைப்பதில் அந்த மனிதரை மிஞ்ச ஆளில்லை என்று பேர். பர்னபாஸ் உளியைத் தொட்டு ஒருநாள் கூலி வாங்கியதில்லை. ஆனால் ஓடாவி மகன் என்ற திமிர் மட்டும் உடம்பு முழுக்க இருந்தது. அந்தத் திமிரை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் அலைந்தவனுக்கு ஒரு கார் கிடைத்தது.

முப்பத்தாறாம் வருஷத்து மாரிஸ் எயிட். மில் இன்ஜினியராக இருந்த ஒரு வெள்ளைக்காரன் ஊரைவிட்டுப் போகும்போது கழித்துப் போட்டது. அப்புறம் பல கை மாறி, யாரோ ஒருவர் வீட்டுக் கொட்டகையில் கோழி அடையும் கூடாகக் கிடந்து, கடைசியில் இவனிடம் வந்து சேர்ந்தது. கோழி எச்சத்தைச் சுரண்டியது யார் என்று நினைக்கிறீர்கள்? கிளாடிஸ்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சீட்டு சீட்டாகக் கழுவினாள். அவன் முன்னால் நின்று பானெட்டைத் தடவிக்கொண்டிருந்தான்.

லீவு விட்டால் டூர். குற்றாலம், கயத்தாறு, கன்னியாகுமரி என்று அவன் போகாத ரோடு கிடையாது. அந்தக் கார் நிற்காத ரோடும் கிடையாது. ஆதிச்சநல்லூர் செம்மண் பொட்டலில் பின்சக்கரம் கழன்று காருக்கு முன்னால் ஓடியது. நாங்குநேரிக்கு இந்தப் பக்கம் பெல்ட் அறுந்தது. பெல்ட் அறுந்தால் வலைக்கயிற்றை முறுக்கிக் கட்டுவான். கதவு ஆடினால் தோணிப் பலகைக்கு அடிக்கிற செம்பு ஆணியை அடிப்பான். உப்புக்காற்றில் துரு ஏறக்கூடாது என்று காரின் அடிவயிறு முழுக்கச் சுறா எண்ணெய் பூசியிருந்தான். கார் தெருமுனையில் திரும்பும்போதே நாற்றம் வீட்டுக்கு வந்துவிடும். திரேஸ்புரத்துப் பூனையெல்லாம் பின்னாலேயே வரும்.

ரிப்பேர் நேரத்தில் கிளாடிஸுக்கு ஒரே வேலை. அவன் காருக்கு அடியில் படுத்துக்கொண்டு கையை நீட்டுவான், இவள் ஸ்பானரைக் கொடுக்க வேண்டும். எந்த நட்டுக்கு எந்த ஸ்பானர் என்று அவளுக்கு மனப்பாடம். மற்ற நேரமெல்லாம் ரோட்டோரம் குடையைப் பிடித்துக்கொண்டு பரீட்சைத் தாள் திருத்துவாள். போகிற வருகிறவர்கள் நின்று பார்த்து, "சார் கைராசிக்காரர்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். வெயிலில் உட்கார்ந்திருக்கிற பெண்பிள்ளை ஒரு வாய் தண்ணீர் குடித்தாளா என்று ஒரு பயல் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ, அது வேறு.

இதெல்லாம் சகித்துக்கொள்ளக்கூடிய கோபம். எழுபத்து நாலாம் வருஷம் வந்தது வேறு ரகம்.

கிளாடிஸுக்குச் சொந்த ஊர் மணப்பாடு. அம்மா செத்துப்போனபோது தங்கச்சி பிளாரன்ஸ் கைப்பிள்ளை. பால் காய்ச்சிக் கொடுத்து, தலை பின்னிவிட்டு, காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டு வளர்த்ததெல்லாம் இவள்தான். அப்பா தொம்மை பர்னாந்து தோணித் தண்டல், தோணி ஆட்களுக்குத் தலைவர். கடலில் ஆட்களை விரட்டி விரட்டி, வீட்டிலும் அந்தக் குரலிலேயே பேசிப் பழகிய மனிதர். அவர் ஒன்று சொன்னால் எதிரே நின்று இல்லை என்று சொல்ல அந்த வீட்டில் ஆளில்லை.

அவர் பிளாரன்ஸுக்கு மாப்பிள்ளை பார்த்தார். மாப்பிள்ளை ரோச், பர்னபாஸின் சித்தப்பா மகன். பேச்சை ஆரம்பித்துவைத்ததே பர்னபாஸ்தான். "சொந்தத்துக்குள்ள சொந்தம்" என்று மார் தட்டிக்கொண்டான். பிளாரன்ஸிடம் யாரும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கமும் இல்லை.

ஆகஸ்டில் தூத்துக்குடி மாதா கோயில் திருவிழாவுக்குப் பிளாரன்ஸ் வந்தாள். கூட்டத்துக்கு நடுவில் அக்காவின் கையைப் பிடித்துக் கோயிலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"யக்கா, அந்த ஆளு எனக்கு வேண்டாம்."

"ஏன் பிள்ளே, என்ன செஞ்சான்?"

"பொண்ணு பாக்க வந்தப்போ காப்பி குடுத்தேன். சூடு பத்தலன்னு என் முன்னாலயே முத்தத்துல ஊத்திட்டு, கலியாணத்துக்கு அப்புறம் இப்படி நடக்கக் கூடாதுன்னு சொன்னான். சொல்லிட்டுச் சிரிச்சான். அப்பாவும் சிரிச்சாரு. அந்தக் காப்பிய நான் போடவே இல்லக்கா, பெரியம்மா போட்டது."

கிளாடிஸ் கையிலிருந்த மெழுகுதிரி இரண்டாக ஒடிந்தது.

"அப்பாகிட்ட எனக்கு வாய் தெறக்காது. ஆனா கோயில்ல சாமியார் சம்மதமான்னு கேப்பாருல்லா, அப்ப சொல்லிருவேன். நீ மட்டும் என் கண்ணுக்கு நேர நில்லு. உன் மூஞ்சியப் பாத்தா எனக்குத் தைரியம் வரும். நீ இல்லன்னா நான் சம்மதம்னுதான் சொல்லுவேன். எனக்கே தெரியும்."

"நிக்கேன்" என்றாள் கிளாடிஸ்.

இவ்வளவுதான் பேச்சு. பர்னபாஸிடம் மூச்சு விடவில்லை. விட்டால் அன்றைக்கே தொம்மை பர்னாந்து காதுக்குப் போய்விடும். பிளாரன்ஸின் கால் வீட்டுப் படியைத் தாண்டாது.

கல்யாணம் ஒரு திங்கட்கிழமை காலைப் பூசையில். ஞாயிறு மத்தியானமே மணப்பாடு போய்விடுவது என்று ஏற்பாடு. கிளாடிஸ் பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டாள். பர்னபாஸ் காருக்குக் காகிதப்பூ கட்டிக்கொண்டிருந்தான். பெண்ணும் மாப்பிள்ளையும் கோயிலிலிருந்து இந்தக் காரில்தான் வீட்டுக்கு வரவேண்டுமாம். அவள் வளர்த்த பிள்ளையை ரோச்சிடம் ஏற்றிக்கொண்டு போவதற்கு அவளே கழுவித் துடைத்த வண்டி. அந்தக் காகிதப்பூவை ஒவ்வொன்றாகப் பிய்த்து பர்னபாஸ் வாயில் திணிக்கலாம் போல இருந்தது அவளுக்கு.

பூ கட்டக் குனிந்தவன் ரேடியேட்டருக்குக் கீழே தண்ணீர் சொட்டுவதைப் பார்த்தான். அடித்தகட்டில் கீறல்.

"பட்டறையில பத்தவைக்கக் கொண்டு போலாமே" என்று கிளாடிஸ் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை, எந்தப் பட்டறையும் திறந்திருக்காது. திறந்திருந்தாலும் அவன் கொண்டு போயிருக்கமாட்டான் என்பது வேறு விஷயம்.

"எங்கய்யா அடைச்ச தோணி கொழும்பு வரைக்கும் போயி ஒரு சொட்டுத் தண்ணி உள்ள ஏறாம திரும்பி வந்துச்சு. இந்த டப்பாவ அடைக்கிறதுக்குப் பட்டறையா?"

முற்றத்தில் அடுப்பு மூட்டினான். குங்கிலியத்தையும் எண்ணெயையும் காய்ச்சினான். பஞ்சுத்திரியைக் கீறலில் வைத்து மழுங்கிய உளியால் தட்டித் திணித்து, மேலே ஊற்றினான். அத்தோடு விட்டானா? வெளியே அடைத்தால் போதாது, உள்ளேயும் அடைக்கவேண்டும் என்று மூடியைத் திறந்து வாய் வழியாகவும் ஒரு கரண்டி ஊற்றினான். ஊற்றிவிட்டு, தகப்பனே வந்து தோளில் தட்டிக்கொடுத்த மாதிரி நிமிர்ந்து நின்றான்.

"ராத்திரி பூரா காயணும். விடியக்காலம் பொறப்பட்டாப் போதும்."

"ஏங்க, நாம பஸ்ஸுலயே போயிருவோம். சாயங்காலம் கடைசி பஸ் இருக்கு."

"பஸ்ஸா? மாப்பிள்ளையோட அண்ணன் பஸ்ஸுல தொங்கிக்கிட்டுப் போயி எறங்குனா என் ஆளுக என்ன நெனப்பாங்க?"

"அப்ப நான் முன்னாடி போறேன். பொண்ணு வீட்டுல வேல இருக்கும்."

"புருசன விட்டுட்டுத் தனியாப் போறதுக்கு அப்படி என்ன அவசரம் உனக்கு?"

அவன் சும்மாதான் கேட்டான். ஆனால் அதற்குமேல் ஒரு வார்த்தை பேசினால் அவன் துருவ ஆரம்பித்துவிடுவான் என்று அவளுக்குத் தெரியும். பையைத் திரும்ப உள்ளே எடுத்துவைத்தாள். அன்றைக்கு அடுப்படியில் ஒரு சட்டி உடைந்தது.

கருக்கலிலேயே கிளம்பினார்கள். பழையகாயல் தாண்டும் வரை கார் சொன்னபடி கேட்டது. பர்னபாஸ் பாட்டு முனகிக்கொண்டு வந்தான். ஆற்றுப் பாலம் ஏறியபோது காருக்குள் ஒரு வாசனை வந்தது, பூசையில் தூபம் போட்டால் வருமே, அது.

"பாத்தியா, கோயில் வாசன. நல்ல சகுனம்" என்றான்.

"சகுனம் இல்ல. குங்கிலியம் உருகுது."

"நீ வகுப்புல பாடம் நடத்து. எனக்கு நடத்தாத."

ஆத்தூரைத் தாண்டி, இரண்டு பக்கமும் உப்பளம் வெள்ளை வெளேரென்று விரிகிற இடத்தில், பானெட்டுக்குள்ளிருந்து குபுகுபுவென்று ஆவி கிளம்பியது. பழுப்பும் மஞ்சளுமாக என்னவோ பீய்ச்சி அடித்து முன்கண்ணாடி முழுக்க ஒட்டிக்கொண்டது. காகிதப்பூ நனைந்து தொங்கியது. கார் இருமுறை உலுக்கி நின்றது.

தோணியைச் சுற்றி இருப்பது குளிர்ந்த கடல். வெளியே இருக்கிற தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கத்தான் குங்கிலியம். உள்ளேயே தண்ணீர் கொதிக்கிற ஒரு பாத்திரத்தில் அதை ஊற்றினால் என்ன ஆகும் என்று ஓடாவி மகனுக்குத் தோன்றவே இல்லை. சூட்டில் உருகிச் சின்னச் சின்னக் குழாய்க்குள் எல்லாம் இறங்கியது. வெளியே பஞ்சு கழன்று விழுந்து கீறலும் திறந்துகொண்டது. இனி ஆறினால் அது உள்ளே அப்படியே இறுகும். ஓட்டினால் உருகும், நிறுத்தினால் அடைக்கும். இதைவிட நேர்த்தியாக ஒரு காரைக் கொல்ல முடியாது.

குடிக்கக் கொண்டுவந்த கேன் தண்ணீரை ஊற்றினான். உள்ளே இறங்காமல் வாய்வழியே திரும்ப வழிந்தது. பாத்திக்குப் போய் உப்புத்தண்ணீரை மொண்டு வந்து ஊற்றினான், அதுவும் வழிந்தது. கம்பியை விட்டுக் குத்தினான். கிளாடிஸ் ரோட்டில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். திருச்செந்தூர் போகிற முதல் பஸ் அவர்களுக்கு முன்னாலேயே போய்விட்டது. வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. கோயிலில் இந்நேரம் பாய் விரித்திருப்பார்கள்.

"ஏளா, அந்த உடங்காட்டுல போயி நாலு சுள்ளி பொறக்கிட்டு வா. ரேடியேட்டருக்கு அடியில தீ போட்டு இளக்கி எடுத்துருவேன்."

கல்யாணத்துக்குக் கட்டிய பட்டுச்சேலை. அதோடு போய் முள்ளுக்குள் சுள்ளி பொறுக்க வேண்டும். இத்தனை வருஷம் ஸ்பானர் எடுத்துக் கொடுத்த கையைப் பார்த்துக்கொண்டே ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு அவன் முன்னால் வந்தாள்.

"தீ அப்புறம் போடலாம். நான் ஒண்ணு சொல்லுதேன், அத மொதல்ல கேளுங்க."

சொல்லிவிட்டாள். காப்பியை ஊற்றியது, மாதா கோயிலுக்குப் பின்னால் பேசியது, பிளாரன்ஸ் சொல்லப்போகிற வார்த்தை, எல்லாம். குரலை உயர்த்தவில்லை. மூன்றாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லுகிற மாதிரி வரிசையாகச் சொன்னாள்.

பர்னபாஸ் முதலில் சிரித்தான். அவள் முகம் மாறவில்லை என்றதும் சிரிப்பு போய்விட்டது. கரி படிந்த கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"அப்போ என் வண்டியிலயே ஏறி உக்காந்து, என் தம்பி கலியாணத்தக் கெடுக்க வந்துக்கிட்டு இருக்கே."

"கெடுக்க வரல. அந்தப் பிள்ளைக்கு வாய் தெறக்க ஒரு ஆளு வேணும். அதுக்கு வாரேன்."

"நான் பேசி முடிச்ச சம்பந்தம். ஊரே என்னக் காறித் துப்பும். அத நெனச்சியா?"

"அவ வாழப்போறத நீங்க நெனச்சியளா?"

"என்ன பெரிய வாழ்க்க. உன்னையுந்தான் இதே மாதிரி நிறுத்திக் கேட்டாங்க. நீயுந்தான் தலையக் குனிஞ்சுக்கிட்டு சம்மதம்னு சொன்ன. செத்தா போயிட்ட?"

கோபம் என்றால் என்னவென்று தனக்குத் தெரியும் என்று அதுவரை கிளாடிஸ் நினைத்திருந்தாள். அதுவெல்லாம் கோபமே இல்லை. செத்தா போய்விட்டாள்? இல்லை. அதுதான் அவளை எரித்தது. சாகவில்லை, ரோட்டோரம் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

உப்பு ஏற்றிய லாரி ஒன்று அளத்துப் பாதையிலிருந்து ரோட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. கிளாடிஸ் ரோட்டுக்கு நடுவில் போய்க் கையை நீட்டினாள். டிரைவர் வீரபாகு பிரேக்கை மிதித்துவிட்டுத் தலையை வெளியே நீட்டினான்.

"என்ன தாயி, சாகணும்னா வேற லாரியப் பாருங்க. எனக்குப் பிள்ள குட்டி இருக்கு."

"அண்ணாச்சி, எங்கன போறீய?"

"உடன்குடி."

"மணப்பாடு விலக்குல எறக்கி விடுங்க. என் தங்கச்சி கலியாணம். ரொம்ப அவசரம்."

வீரபாகு, காகிதப்பூ தொங்குகிற காரையும் கரி பூசிய சாரையும் பட்டுச்சேலைக்காரியையும் மாறி மாறிப் பார்த்தான். "முன்னால ஆளு இருக்கு. மூட்ட மேல உக்காந்து வருவீயளா?" என்றான்.

கிளாடிஸ் பின்பக்கம் போய்ச் சக்கரத்தில் கால் வைத்து ஏறினாள். பர்னபாஸ் ஓடிவந்தான்.

"எறங்குளா கீழ. இந்த லாரியில போனேன்னா திரும்ப என் வாசப்படிய மிதிக்கக் கூடாது."

அவள் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்து சேலையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "போலாம் அண்ணாச்சி" என்று கூரையைத் தட்டினாள்.

வழி நெடுக உப்பு பறந்து கண்ணில் விழுந்தது. கண்ணைக் கசக்கக் கசக்க எரிச்சல் கூடியது. காயல்பட்டினத்தில் ஜனாசா தூக்கிப்போகிற ஒரு சவ ஊர்வலத்துக்காக லாரி ஓரங்கட்டி நின்றது. திருச்செந்தூரில் மொட்டைத்தலைக் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு போனது. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் கிளாடிஸ் ஒரு ஆளைத் திட்டினாள். குங்கிலியத்தை, அதைக் காய்ச்சிப் பேர் வாங்கிய ஓடாவி மாமனாரை, சம்பந்தம் பேசியவனை, காப்பி ஊற்றியதைப் பார்த்துச் சிரித்த அப்பாவை. கடைசியில் பிளாரன்ஸையும் திட்டினாள். 'வாய் உன் மூஞ்சியிலதானே இருக்கு, அதுக்கு நான் எதுக்கு வந்து நிக்கணும்?' திட்டிவிட்டு, அய்யோ பிள்ளை என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

விலக்கில் இறங்கி ஓட்டமும் நடையுமாகப் போனாள். ஊருக்குள் நுழையும்போதே தெரிந்துவிட்டது, பூசை முடிந்துவிட்டது. கோயில் வாசலில் ஒருவரும் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டிருந்த கோயில்பிள்ளை அவளைக் கண்டதும் சட்டென்று உள்ளே போய்விட்டார். நான் நிக்கேன் என்று சொன்னேனே, சொன்னேனே என்று அதையே முணுமுணுத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள்.

வீட்டுப் பந்தலில் மேளம் இல்லை. அறுத்த வாழை இலை கட்டுக் கட்டாக அப்படியே கிடந்தது. மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் எதிர்வீட்டு நிழலில் கும்பலாக நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். பந்தல் காலில் சாய்ந்து உட்கார்ந்திருந்த தொம்மை பர்னாந்து நிமிர்ந்து பார்த்தார். உப்பு ஒட்டிய சேலையோடு நின்ற மூத்த மகளை மேலும் கீழும் அளந்தார்.

"இப்பத்தான் வாரியா? உன் வேல நல்லபடியா முடிஞ்சு போச்சு. போய்ப் பாரு."

பிளாரன்ஸ் அடுப்படியில், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மணப்பெண் சேலைதான். தலை முக்காட்டைக் கழற்றிப் பக்கத்தில் மடித்து வைத்திருந்தாள். பந்திக்கு வைத்திருந்த பலகாரத்தில் ஒன்றைத் தின்றுகொண்டிருந்தாள்.

"பூசையில நன்ம வாங்கணும்னு காலையிலருந்து ஒண்ணும் சாப்பிடலக்கா. பசி உயிர் போவுது" என்றாள்.

கிளாடிஸ் நிலையைப் பிடித்துக்கொண்டாள். "என்னளா ஆச்சு?"

"வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"யாரு பக்கத்துல இருந்தா?"

"யாரும் இல்ல. சாமியார் கேட்டாரு. நீ நிக்கிற இடத்தப் பாத்தேன், நீ இல்ல. நான் பேசாம நின்னேன். அவரு மறுபடியும் கேட்டாரு. வாசலப் பாத்தேன், நீ வரல. இனிமே நீ வரமாட்ட, வேற ஆளு யாரு இருக்கா, நாமதான் சொல்லணும்னு தோணிச்சு. சொல்லிட்டேன். அவருக்குக் கேக்கலன்னு நெனச்சு இன்னொரு வாட்டி சத்தமாச் சொன்னேன்."

சந்தோஷப்பட வேண்டிய நேரம். கிளாடிஸுக்குச் சந்தோஷம் வரவில்லை. அதே கோயில்தான். அதே இடத்தில்தான் அவளும் நின்றாள். அவளும் வாசலைப் பார்த்தாள். அம்மா செத்துப்போனவள், வரமாட்டாள் என்று தெரிந்தும், அன்றைக்கு அம்மா அந்த வாசலில் வந்து நின்று 'வேண்டாம்' என்று தலையாட்டிவிடுவாள் என்று காத்திருந்தாள். யாரும் வரவில்லை. யாரும் வரவில்லை என்பதால் சம்மதம் என்று சொன்னாள். இந்தப் பிள்ளை, யாரும் வரவில்லை என்பதால் முடியாது என்று சொல்லியிருக்கிறாள். இதே கையால் தலை பின்னிவிட்ட பிள்ளை. இத்தனை வருஷமும் புருஷன் மேல், கார் மேல், அப்பா மேல் என்று பங்கு போட்டு வைத்திருந்த கோபம் யார்மேல் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு வார்த்தை. வாயைத் திறந்து சொல்லவேண்டிய ஒரே ஒரு வார்த்தை.

"யக்கா, நீயும் ஒண்ணு தின்னு" என்று பிளாரன்ஸ் தட்டை நீட்டினாள். கிளாடிஸ் தின்றாள். அழுதுகொண்டே தின்றாள்.

மத்தியானத்துக்குமேல் வெளியே சத்தம் கேட்டது. ஒரு மாட்டுவண்டிக்குப் பின்னால் கயிற்றில் கட்டி மாரிஸ் வந்துகொண்டிருந்தது. ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு பர்னபாஸ் உட்கார்ந்திருந்தான். ஊர்ப் பிள்ளைகள் கூட ஓடிவந்தார்கள். வண்டி பந்தலுக்கு முன்னால் நின்றதும் எதிர்வீட்டுக் கும்பல் அவனை வளைத்துக்கொண்டது. ரோச் அவன் சட்டையைப் பிடித்து, "உன் பொண்டாட்டி சொல்லிக்குடுத்துத்தான் அவ இப்படிப் பண்ணுனா. நீயெல்லாம் ஒரு ஆம்பள" என்றான். சுற்றிலும் அவன் ஆட்கள். யார் என்ன நினைப்பார்கள் என்று பயந்து பஸ்ஸில் வராமல் இருந்தானோ, அதே ஆட்கள்.

பர்னபாஸ் சட்டையை உதறிக்கொண்டு பந்தலுக்குள் வந்தான். கிளாடிஸும் பிளாரன்ஸும் வாசலுக்கு வந்து நின்றார்கள். தொம்மை பர்னாந்து எழுந்துகொண்டார்.

"சாமியார் இன்னும் கோயில் பங்களாவுலதான் இருக்காரு" என்றான் பர்னபாஸ். எல்லாருக்கும் கேட்கவேண்டும் என்று சத்தமாகவே சொன்னான். "உன் தங்கச்சியக் கூட்டிக்கிட்டுப் போயி, புத்தி கெட்டுப் பேசிட்டேன்னு மன்னிப்புக் கேக்கச் சொல்லு. சாயங்காலமே தாலி கட்டிரலாம்."

"மாட்டேன்" என்றாள் பிளாரன்ஸ்.

"உன்கிட்ட யாரு கேட்டா? ஏளா கிளாடிஸ், உன்கிட்டதான் பேசுதேன். நீ சொன்னா அவ கேப்பா. சொல்லு. சொல்லலன்னா இன்னையோட நமக்குள்ள ஒண்ணும் இல்ல. கடைசியாக் கேக்கேன், எல்லாரும் இருக்காங்க, எல்லாரும் கேக்கட்டும். என்கூட வாழ உனக்குச் சம்மதமா, இல்லையா?"

இதைக் கேட்டால் இவள் காலில் விழுவாள் என்றுதான் அவன் கேட்டான். அங்கே நின்ற அத்தனை பேரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள்.

கிளாடிஸ் வாசல் பக்கம் பார்க்கவில்லை. அவனையே பார்த்தாள்.

"சம்மதமில்ல" என்றாள்.

அவனுக்குக் கேட்கவில்லையோ என்று இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னாள். பிறகு கார் பக்கம் போய்ப் பின்கதவைத் திறந்து தன் பையை எடுத்துக்கொண்டாள். பர்னபாஸ், அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேறு என்ன செய்வதென்று தெரியாமல், போய்ப் பானெட்டைத் திறந்தான்.